வாரம் ஒரு சாகசம், தீராத ஒரு பற்று: அறிவியல் புனைகதைத் தொடர் எழுதப் பழகுவோருக்கு

அக்கா மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன ஆடியில், சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீள நோட்டு ஒன்றைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மாமா, ஒரு ஆடியோ தொடர் எழுதியிருக்கேன். பத்து எபிசோட். ஸ்பேஸ் கதையாக்கும். வாசிச்சுட்டு சொல்லுங்க" என்றாள்.

கதை இதுதான். இருநூறு வருடத்துக்கு அப்புறம், ஸ்டெல்லா என்ற பெண் ஒரு மீட்புக் கப்பலின் ஸ்ராங்கு, அதாவது கப்பலை நடத்துகிறவள். தூத்தூர் மீனவர்கள் விசைப்படகில் நாற்பது நாள்கூட ஆழ்கடலில் கிடப்பதுபோல, அவள் கிரகங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடக்கிறாள். எஞ்சின் பழுதாகி நிற்கும் கப்பல்களைக் கட்டி இழுத்து வருவது தொழில். கூடவே சூசை என்ற மெக்கானிக், சமையலுக்கு ஒரு பெரியவர், கணக்கு பார்க்க ஒரு ரோபோ. ஸ்டெல்லாவின் அண்ணன் போன கப்பல் ஒரு சூரியப் புயலுக்கு அப்புறம் திரும்பவே இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் கடற்கரை ஊர்களில் கடலைப் பார்த்தபடியே நாள்கணக்கில் நின்றவர்கள் உண்டு. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்படி ஒரு கதை தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதல் வடிவத்தில் பத்து எபிசோடும் "அண்ணன் எங்கே?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றின. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு துப்பு, ஒரு கதவு திறக்கும் சத்தம், தொடரும். மூன்றாவது எபிசோடுக்குள் எனக்கு அலுத்துவிட்டது. சொன்னேன். ஒரு மாதம் கழித்து மாற்றி எழுதி வந்தாள். இப்போது பத்து எபிசோடில் பத்து மீட்பு. ஒவ்வொன்றும் விறுவிறுப்பு. ஆனால் அண்ணன் முதலிலும் கடைசியிலும் மட்டும்தான். நடுவில் எந்த ஆபத்து வந்தாலும் முடிவில் எல்லோரும் சிரித்தபடி கட்டன் சாயா குடித்தார்கள். அடுத்த வாரம் புதுக் கப்பல், புது ஆபத்து, மறுபடியும் சாயா. "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா என்னமோ இல்ல" என்று அவளே சொன்னாள்.

அந்த "என்னமோ" என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடர் எழுத நினைக்கிற யாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

தொடர்கதை இரண்டு விதமாக ஓடும். ஒன்றில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. இன்று திறந்த சிக்கல் இன்றே முடியும். நடுவில் எந்த வாரம் வந்து உட்கார்ந்தாலும் புரியும். இதை எபிசோடிக் என்பார்கள். இன்னொன்று நெடுங்கதை. நேற்றைய முடிச்சு இன்று இறுகும், அடுத்த மாதம் அவிழும். ஒன்றை விட்டால் அடுத்தது புரியாது. நம் வீட்டு டிவியில் ராத்திரி ஓடுகிற மெகா தொடர்கள் இரண்டாவது வகையின் ஒரு கோடி. அங்கே எதுவுமே முடியாது. பழைய துப்பறியும் காமிக்ஸ் புத்தகங்கள் மறு கோடி. அங்கே எல்லாமே அன்றன்றே முடிந்துவிடும்.

இரண்டும் சேர்ந்து ஓட முடியுமா என்று கேட்டால், சின்ன வயதில் பார்த்த தோல்பாவைக்கூத்துதான் எனக்கு நினைவு வரும். கோயில் முற்றத்தில் வெள்ளைத் திரை கட்டி, பின்னால் விளக்கு வைத்து, ராமாயணத்தைப் பல இரவுகளாகப் பிரித்து நடத்துவார்கள். ஆட்டுத்தோல் பாவைகளை ஆட்டுவதும் அத்தனை குரலில் பேசுவதும் பாடுவதும் ஒரே ஆள். ஒவ்வொரு ராத்திரிக்கும் அதற்கென்று ஒரு கதைப் பகுதி உண்டு. இன்று கல்யாணம் என்றால் கல்யாணம் முடிந்துதான் வீட்டுக்குப் போவோம். நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்து சண்டை போடுவார்கள். ராமாயணத்துக்குச் சம்பந்தமே இல்லாத சண்டை. நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்போம். முந்தின இரவு வராத பக்கத்து ஊர்க்காரரும் அன்றைய கூத்தை முழுசாக ரசிப்பார். எல்லா இரவும் வந்த எங்கள் ஆச்சிக்கு மட்டும், அசோக வனத்தில் சீதையின் பாவை அசையாமல் நிற்கும்போது கண் கலங்கும். அதே காட்சிதான், ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு கனம்.

எபிசோடையும் நெடுங்கதையையும் சமன்செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். புதிதாக வந்தவருக்கு இன்று முழுச் சாப்பாடு கிடைக்க வேண்டும். முதலிலிருந்து வருகிறவருக்கு அதே இலையில் இன்னொரு ருசியும் தெரிய வேண்டும்.

அறிவியல் புனைகதைக்கு இந்தச் சிக்கல் மற்ற வகைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு குடும்பக் கதைக்கு ஒரு வீடு போதும். விண்வெளிக் கதைக்கு உலகம் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். இந்த வாரம் இறப்பே இல்லாத ஊர், அடுத்த வாரம் பொய் சொல்லத் தெரியாத மக்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்ப்பதில்தான் இந்த வகையின் சந்தோஷமே இருக்கிறது. அதற்குத் தனி எபிசோட்தான் தோது. எல்லாவற்றையும் ஒரே நெடுங்கதைக்குள் திணித்தால், கோடி நட்சத்திரம் உள்ள அண்டம் ஒரு வீட்டுத் தகராறு அளவுக்குச் சுருங்கிவிடும். வெறும் தனி எபிசோடாகவே போனால் யோசனைகள் நிற்கும், மனிதர்கள் நிற்க மாட்டார்கள்.

ஆரம்பத்தில் பல டிவி தொடர்கள் தனி எபிசோடாகவே இருந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடர் மூன்று சீசன், 79 எபிசோடோடு நின்றுபோனது. அது பெரிதாகப் பேசப்பட்டது அதற்கு அப்புறம், 70களில் உள்ளூர் டிவி நிலையங்கள் மறுஒளிபரப்புச் செய்தபோதுதான். மறுஒளிபரப்பு வரிசைப்படி போகும் என்ற உறுதி இல்லை. பார்க்கிறவருக்கும் ஒரு வாரம் விட்டால் திரும்பப் பார்க்க வழியில்லை. அதனால் எபிசோட் முடியும்போது கப்பலும் ஆட்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இதை ரீசெட் என்பார்கள், கரும்பலகையைத் துடைத்து வைப்பதுபோல. வீடியோ கேசட், டிவிடி, இப்போது ஓடிடி என்று வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. யாரும் முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம். கட்டாயம் போனதும் பலர் மறுகோடிக்கே ஓடினார்கள். எட்டு எபிசோடும் சேர்ந்து எட்டு மணிநேரப் படம் ஒன்றைத் துண்டு போட்டதுபோல ஆகிவிட்டது. எந்தத் துண்டுக்கும் தனி முகம் கிடையாது. எனக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. நல்ல எபிசோட் என்றால் பெயர் சொல்லி நினைவு வைத்துக்கொள்ள முடிய வேண்டும்.

சரி, இரண்டையும் சேர்த்தவர்கள் எப்படிச் சேர்த்தார்கள்? ஒரே ஒரு எபிசோடைக் கிட்டத்தில் பார்ப்போம்.

ஸ்டார் டிரெக் வரிசையில் மனிதர்கள் நடித்த இரண்டாவது தொடர், தி நெக்ஸ்ட் ஜெனரேஷன், 1987 முதல் 1994 வரை வந்தது. அதில் 1992இல் வந்த எபிசோட் 'தி இன்னர் லைட்'. கேப்டன் பிக்கார்டின் கப்பலுக்கு அருகில் யாரோ எப்போதோ அனுப்பிய ஆளில்லாக் கலம் ஒன்று வந்து ஒரு கதிரை வீசுகிறது. அவர் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் ஒரு வறண்ட கிராமத்தில் வேறு பெயரோடு இருக்கிறார். மனைவி என்று ஒருத்தி நிற்கிறாள். முதலில் நம்ப மறுக்கிறார், பிறகு மெல்ல அந்த வாழ்க்கைக்குள் போகிறார். பிள்ளைகள் பிறக்கிறார்கள், புல்லாங்குழல் வாசிக்கப் பழகுகிறார், மனைவி இறக்கிறாள், பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறார். அந்தக் கிரகமே அழியப்போகிறது. தங்களைப் பற்றி யாராவது ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மக்கள் கலத்தை அனுப்பினார்கள் என்று கடைசியில் தெரிகிறது. பிக்கார்ட் விழித்தெழும்போது கப்பலில் கழிந்திருப்பது இருபத்தைந்து நிமிடம். அவருக்கோ ஒரு ஆயுள்.

இதுவரைக்கும் அது ஒரு தனிக்கதை. முன்னால் எதையும் பார்க்காதவருக்கும் முழுசாகப் புரியும். இன்றைய கேள்விக்கு இன்றே விடை கிடைத்துவிட்டது. ஆனால் கலத்தைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் அந்தப் புல்லாங்குழல். கடைசிக் காட்சியில் தன் அறையில் தனியாக நின்று பிக்கார்ட் அதை வாசிக்கிறார். அடுத்த வருடம், 1993இல் வந்த இன்னொரு எபிசோடில் அவருக்கு ஒரு பெண் மீது அன்பு வருகிறது. அவளும் இசை தெரிந்தவள். அவளிடம் அந்தக் குழல் எப்படி வந்தது என்று சொல்கிறார். மற்றவர்களிடம் மனம் திறக்காத மனிதர் சொல்கிறார். அங்கே எந்த மர்மமும் அவிழவில்லை, எந்தப் பெரிய முடிச்சும் போடப்படவில்லை. ஒரு பொருள் திரும்ப வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் முந்தின வருடம் பார்த்தவருக்கு நெஞ்சு அடைக்கும்.

ஊரில் பலசரக்குக் கடைகளில் கடன் எழுதிவைக்கும் பற்று நோட்டு ஒன்று தொங்கும். சாமான் வாங்கிப் போனதும் கதை முடிந்தது, ஆனால் நோட்டில் ஒரு வரி ஏறியிருக்கும். மாதக் கடைசியில் அந்த வரி திரும்ப வந்து நிற்கும். தொடருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும் என்று அக்கா மகளிடம் சொன்னேன். எபிசோடின் சிக்கல் அன்றே தீரட்டும். அது தீர என்ன விலை கொடுத்தார்கள், யார் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தார்கள், எது உடைந்தது, எது தொலைந்தது? அது நோட்டில் ஏற வேண்டும். ஆழமான கதை என்றதும் புதிதாக எழுதுகிறவர்கள் பெரிய மர்மம், பெரிய சதி என்று போகிறார்கள். பெரும்பாலும் ஆழம் வருவது பற்றிலிருந்துதான். நடந்ததைக் கதை மறக்காமல் இருந்தால் போதும், கனம் தானாக ஏறும்.

அதே தொடரில் இன்னொரு பற்று உண்டு. 1990இல் பிக்கார்டை போர்க் என்ற இயந்திர மனிதக் கூட்டம் பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றிவிடுகிறது. அவர் அறிவை வைத்தே அவருடைய மக்களின் கப்பல்களை அழிக்கிறது. இரண்டு எபிசோடில் அவரை மீட்டுவிடுகிறார்கள். பழைய சட்டப்படி அடுத்த வாரம் புதுக் கிரகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த எபிசோடில் அவர் பிரான்சில் இருக்கும் சொந்த ஊருக்கு, அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டை முற்றி சேற்றில் கட்டிப்புரள்கிறார்கள். சேற்றில் உட்கார்ந்தபடியே பிக்கார்ட் உடைந்து அழுகிறார். விண்வெளிச் சாகசத் தொடரில் சாகசமே இல்லாத ஒரு வாரம். அதற்கு முந்தின இரண்டு எபிசோட் சாகசத்துக்கு அர்த்தம் கொடுத்ததே அந்த வாரம்தான் என்பேன். பற்று அதோடும் தீரவில்லை. 1993இல் தொடங்கிய டீப் ஸ்பேஸ் நைன் என்ற அடுத்த தொடரின் நாயகன் சிஸ்கோ, அந்தத் தாக்குதலில் மனைவியை இழந்தவன். முதல் எபிசோடிலேயே பிக்கார்ட் முன்னால் வந்து நிற்கும்போது அவன் முகத்தில் அந்த வெறுப்பு தெரியும். ஒரு தொடரின் கணக்கு வேறொரு தொடரில் வந்து நின்றது.

நோட்டைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் குடும்பத்திலேயே ஓர் உதாரணம். 1995இல் வந்த வாயேஜர். ஒரு கப்பல் வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. திரும்ப எழுபத்தைந்து வருடம் ஆகும். எவ்வளவு அருமையான தொடக்கம்! ஆரம்பத்திலேயே, தங்களிடம் இருப்பது 38 டார்பிடோ ஏவுகணைதான், தீர்ந்தால் வேறு கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். ஆனால் கப்பல் வாராவாரம் அடிவாங்கி அடுத்த வாரம் பளபளவென்று வந்து நிற்கும். டார்பிடோவும் 38ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அதில் நல்ல தனி எபிசோடுகள் நிறைய உண்டு, எனக்குப் பிடித்தவையும் உண்டு. ஆனால் "வீடு ரொம்பத் தூரம்" என்ற வலியை முதலில் சொல்லிவிட்டு, அந்த வலியைக் கப்பலின் உடம்பில் காட்டாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பற்று எழுதுவது ஒரு பக்கம் என்றால், தீர்க்க முடியாத பற்றை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. 1993இல் தொடங்கிய தி எக்ஸ் ஃபைல்ஸ் இரண்டு வகை எபிசோடையும் பிரித்தே வைத்திருந்தது. சில வாரம் தனியான விசித்திரம், அதற்கு மான்ஸ்டர் ஆஃப் தி வீக் என்று பெயர். சில வாரம் அரசாங்கச் சதி, வேற்றுக்கிரகவாசிகள், நாயகன் மல்டரின் காணாமல் போன தங்கை. முதல் சில வருடம் இந்த ஏற்பாடு அற்புதமாக ஓடியது. போகப்போகச் சதிக் கதைக்குக் கேள்விகள் கூடின, விடைகள் புதுக் கேள்விகளாக மாறின. எனக்குக் கடைசியில் மனதில் நின்றவை தனி எபிசோடுகள்தான். இதற்கு நேர் எதிர் பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொடர். அதை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து வருடக் கதையையும் முன்கூட்டியே யோசித்து வைத்து எழுதினார். 110 எபிசோடில் 92ஐ அவரே எழுதினார். முதல் சீசன் முடிந்ததும் நாயகனாக நடித்தவர் விலகினார். கதையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவசரத்துக்கு ஒரு வெளியேறும் வழியை ஸ்ட்ராசின்ஸ்கி முன்பே வைத்திருந்ததால் வண்டி கவிழவில்லை. முடிவு தெரிந்து தொடங்க வேண்டும், ஆனால் வழி மாற இடமும் விட வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். விக்கிரமாதித்தனும் வேதாளமும் இதே அமைப்புத்தான். ஒவ்வொரு கதையும் தனி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. ராஜா பதில் சொன்னதும் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். ரீசெட் என்றால் அதைவிடச் சுத்தமான ரீசெட் கிடையாது. ஆனால் அந்த ரீசெட்டுக்கே ஒரு காரணம் கதைக்குள் இருக்கிறது: வாயைத் திறந்தால் பிணம் கைவிட்டுப் போகும், பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடிக்கும். கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கே விடை தெரியவில்லை, மௌனமாக நடக்கிறான். அந்த மௌனத்தில்தான் வெளிக்கதை திறக்கிறது. பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவியின் வஞ்சகத்தை வேதாளம் அப்போது சொல்கிறது. அத்தனை கதையிலும் அவன் காட்டிய அறிவும் நேர்மையும் பார்த்துத்தான் வேதாளத்துக்கு அவன் மீது நம்பிக்கை வருகிறது. தனிக்கதைகள் வெளிக்கதைக்குச் சம்பளம் கொடுத்திருக்கின்றன.

அப்புறம் ஸ்டெல்லாவின் கப்பலுக்கு வந்தோம். பத்து மீட்பையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு எபிசோடுக்கும் இரண்டு கேள்வி மட்டும் நோட்டின் ஓரத்தில் எழுதினோம். இன்று எந்தக் கேள்வி திறந்து இன்றே மூடுகிறது? மூடிய பிறகு நாளைக்கு என்ன மிச்சம்?

மூன்றாவது எபிசோடில் ஒரு சுரங்கக் கப்பலை இழுக்க வேண்டும். அதில் பதினோரு பேர். இழுவிசை போதவில்லை. முன்பு எழுதியதில் சூசை ஏதோ ஒரு வயரை மாற்றி எஞ்சினுக்குக் கூடுதல் பலம் கொடுத்துவிடுவான். எளிதான வழி, விலை இல்லாத வழி. "மக்ளே, அவங்க எதையாவது இழக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள், கப்பலின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றை அறுத்து விடச் செய்தாள். எடை குறைந்தது, பதினோரு பேர் பிழைத்தார்கள், எபிசோட் முடிந்தது. நான்காவது எபிசோட் வேறு கதை, வேறு இடம். ஆனால் அதில் யாரும் சாயா போடவில்லை. சமையல்காரப் பெரியவர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் அளந்து வைக்கிறார். தண்ணீரைப் பற்றி யாரும் நீளமாகப் பேசுவதில்லை. ஐந்தாவதில் சூசை தன் பங்கிலிருந்து கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு குப்பியில் சேர்ப்பது தெரிகிறது. ஏன் என்று சொல்லவில்லை. ஆறாவதில் ஸ்டெல்லாவின் அண்ணனுடைய பிறந்தநாள் வருகிறது. சூசை அந்தக் குப்பியைத் திறந்து ஒரே ஒரு கோப்பை கட்டன் போட்டு அவள் முன்னால் வைக்கிறான். அவள் குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் ஒரு ஆபத்து அழைப்பு வருகிறது, எழுந்து போகிறாள். அன்றைய மீட்பு தொடங்குகிறது.

அண்ணனைப் பற்றிய துப்புகள் பத்தில் மூன்று இடத்தில் மட்டும்தான் வருகின்றன. அவை குறைந்ததும் அண்ணனின் இழப்பு கூடித் தெரிந்தது. எனக்கே அது எதிர்பாராதது.

எழுதத் தொடங்குகிறவர்களுக்குக் கைவேலையாக இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு எபிசோடுக்குள் பெரிய இழை ஒன்றும் சின்ன இழை ஒன்றும் ஓடலாம். எழுத்தாளர் கூடங்களில் ஏ கதை, பி கதை என்பார்கள். ஏ கதை அன்றைய ஆபத்து. நெடுங்கதையைப் பி கதையில் இரண்டு மூன்று காட்சியாக நுழைப்பது ஆரம்பத்தில் பத்திரமான வழி. முதல் எபிசோடில் உலகத்தின் வரலாறு முழுவதையும் கொட்டாதீர்கள், ஒரு மீட்பைக் காட்டுங்கள், உலகம் அதில் தானாகத் தெரியும். முன்கதைச் சுருக்கத்தை நம்பி எழுதாதீர்கள். பழைய சங்கதி தேவைப்பட்டால் ஒரு பாத்திரத்தின் கையில் ஒரு பொருளாக, ஒரு பழக்கமாக அதைக் கொண்டு வாருங்கள். எல்லாப் பற்றையும் கடைசி எபிசோடில் ஒரே மூட்டையாகத் தீர்க்காதீர்கள். சிலதை நான்காவதிலேயே தீர்த்துவிட்டால், இந்தக் கதை கடனைத் திருப்பிக் கொடுக்கும் என்று கேட்பவருக்கு நம்பிக்கை வரும், பெரிய கடனுக்குப் பொறுமையாகக் காத்திருப்பார்.

போன வாரம் ஆறாவது எபிசோடை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இதற்கு முந்தின ஐந்தும் தெரியாது, விண்வெளிக் கதையில் பெரிய நாட்டமும் கிடையாது. வெற்றிலையை மடித்தபடி மீட்பு முழுவதையும் கேட்டாள். கயிறு அறுந்தபோது "அய்யோ" என்றாள், எல்லோரும் பிழைத்ததும் வெற்றிலையை வாயில் போட்டாள். முடிந்ததும் எழுந்து உள்ளே போனவள், வாசல்படியில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"அது சரி, அந்தப் பிள்ளை ஏன் சாயாவைக் குடிக்கல?"

"ஆச்சி, இங்க வந்து இரிங்க" என்று அக்கா மகள் நோட்டை மூன்றாவது எபிசோடுக்குத் திருப்பினாள்.